நிலம் மயங்கும் கலை
(கூமாப்பட்டியில் நிகழ்ந்த பத்தாம் ஆண்டு நிறைவு விழா உரையின் எழுத்து வடிவம்)



முதற்பொருள் என்பது நிலமும் பொழுதும் என்று தொல்காப்பியம் வகுக்கிறது. மரமும் பறவையும் தொழிலும் பறையும் கருப்பொருளாக அதன்மேல் அமைகின்றன. புணர்தல், பிரிதல் முதலிய ஒழுக்கங்கள் உரிப்பொருளாக அதனுள் நிகழ்கின்றன. அந்நூல் இதனோடு நிறுத்தவில்லை. ஒரு திணைக்குரிய ஒழுக்கம் மற்றொரு திணையில் வந்து கலக்கலாம், அதற்குத் தடையில்லை என்று இசைகிறது. ஆயின் நிலத்தோடு நிலம் மயங்குதல் இல்லை என்று வரம்பு கட்டுகிறது. குறிஞ்சியில் நிற்பவள் முல்லைக்குரிய காத்திருப்பைப் பெறலாம். குறிஞ்சி நிலமே முல்லை நிலமாகிவிட முடியாது.

இருபதாம் நூற்றாண்டில் தமிழர்க்கு வாய்த்த கலையொன்று இவ்வரம்பை அன்றாடம் மீறுகிறது. அது திரைப்படம். கதை ஓரூரில் நடக்கும். படம் வேறோர் ஊரில் எடுக்கப்படும். அரங்கில் அமர்ந்திருப்பவர்க்கு இரண்டும் ஒன்றாகவே தோன்றும். ஒரு படத்துக்கு ஓர் ஊரை ஏன் தேர்ந்தெடுக்கிறார்கள், அத்தேர்வினால் அவ்வூர்க்கு நேர்வது என்ன, அதைக் கவிஞர்கள் ஏன் கருத வேண்டும் என்னும் மூன்று வினாக்களே இவ்வுரையின் பொருள்.

ஓர் ஊரை மற்றோர் ஊராகக் காணுதல் திரைப்படத்தோடு பிறந்த பழக்கம் அன்று. அதற்கு மிகச் சிறந்த முன்மாதிரி இவ்வூர்க்கு அருகிலுள்ள திருவில்லிபுத்தூரிலேயே இருக்கிறது. திருப்பாவைக்கு உரை கண்ட வைணவப் பெரியோர், ஆண்டாள் வில்லிபுத்தூரையே ஆய்ப்பாடியாகவும், வடபத்ரசாயியின் கோயிலையே நந்தகோபர் இல்லமாகவும், தன்னையும் தோழியரையும் ஆயர் மகளிராகவும் பாவித்தாள் என்பர். வடக்கே யமுனைக் கரையில் நிகழ்ந்ததாகக் கேட்ட ஒன்றைத் தன் தெருவிலேயே நிகழ்த்திக்கொண்டாள் அவள். ஆய்ப்பாடிக்குச் செல்ல வழியில்லாத ஒரு பெண், தான் நின்ற இடத்தையே ஆய்ப்பாடியாக்கினாள். பின்னர் விசயநகர வேந்தர் கிருஷ்ணதேவராயர் தெலுங்கில் 'ஆமுக்தமால்யதா' இயற்றியபோது, சூடிக்கொடுத்தவளின் கதைக்காக அதே வில்லிபுத்தூரைத் தம் காவியத்துள் அமைத்தார். கோடை, கார் முதலிய பருவங்களின் வருணனைக்கு அக்காவியம் பெயர் பெற்றது. ஆக, இப்பகுதி ஒருமுறை வேறோர் ஊராகப் பாவிக்கப்பட்டது. மற்றொருமுறை தன் பெயராலேயே வேற்றுமொழிக் காவியத்துள் புகுந்தது. திரைப்படத்துக்கு முன் திறந்திருக்கும் இரண்டு வழிகளும் இவைதாம்.

தமிழ்த் திரைப்படம் தொடக்கத்தில் ஊரைத் தேடிப் போகவில்லை, ஊரை அமைத்துக்கொண்டது. சேலத்தில் டி.ஆர். சுந்தரம் நிறுவிய மாடர்ன் தியேட்டர்ஸும் சென்னையின் படப்பிடிப்பு நிலையங்களும் மரச்சட்டத்தாலும் துணியாலும் சாந்தாலும் சிற்றூர்களைக் கட்டி எழுப்பின. ஏ.வி. மெய்யப்பர் காரைக்குடியை அடுத்த தேவகோட்டை ரஸ்தாவில் கொட்டகை அமைத்து 'நாம் இருவர்' (1947) படத்தை உருவாக்கினார். பின்னர் அந்நிறுவனம் சென்னை வடபழனிக்குச் சென்றது. நடிகரும் இசைவாணரும் பதனிடும் கூடங்களும் ஒரே நகரில் திரண்டபோது, தொழிலும் அங்கே திரள்வது இயல்பே. அக்காலப் படங்களில் காணும் கிணற்றடியும் ஆலமரத் திண்ணையும் பெரும்பாலும் கோடம்பாக்கத்து மண்ணில் எழுந்தவை.

1970களின் பிற்பகுதியில் இந்நிலை மாறிற்று. தேவராஜ்–மோகன் இயக்கிய 'அன்னக்கிளி' (1976) மோயாற்றங்கரைத் தெங்குமரகடாவில் எடுக்கப்பட்டது. அடுத்த ஆண்டு பாரதிராஜாவின் 'பதினாறு வயதினிலே' வந்தது. தமிழ்ச் சிற்றூரை உள்ளவாறு காட்டிய படம் என்று அது இன்றளவும் போற்றப்படுகிறது. அதை இயக்கியவர் தேனி அல்லிநகரத்தார். ஆயினும் அப்படத்தின் பெரும்பகுதி கர்நாடகத்தில், மைசூர்ப் பகுதியிலும் கொள்ளேகாலத்திலும் எடுக்கப்பட்டது. கொள்ளேகாலம் 1956இல் மொழிவழி மாநிலங்கள் அமையும் வரை கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது என்பது உண்மையே. ஆயினும் அங்கே தெருவில் ஒலித்த மொழி கன்னடம். மகேந்திரனின் 'முள்ளும் மலரும்' (1978) சிருங்கேரியில் எடுக்கப்பட்டது. தமிழ் மண்ணின் மணம் என்று கொண்டாடப்பட்டதில் ஒரு பங்கு கன்னட மண்ணின் மணம்.

இது எவ்வாறு இயன்றது என்னும் வினாவுக்கு விடை ஒலியில் இருக்கிறது. அக்காலத்தில் வெளிப்புறப் படப்பிடிப்புக்குக் கொண்டுசென்ற இலேசான ஒளிப்பதிவுக் கருவிகள் ஓடும்போது இரையும். அவ்விரைச்சலிடையே பேசிய பேச்சு படத்துக்கு உதவாது. ஆகவே உரையாடல் முழுவதும் பின்னர்ச் சென்னையில் டப்பிங் கூடத்தில் பதிவாயிற்று. காற்றும் காக்கையும் வண்டியோசையும்கூட அங்கேயே சேர்க்கப்பட்டன. ஊரின் ஓசை தேவைப்படாதபோது ஊரின் மொழியும் தேவைப்படாது போயிற்று. கண்ணுக்கு ஓரூரும் காதுக்கு மற்றோர் ஊரும் என நிலம் இரண்டாகப் பிரிந்தது. நிலம் மயங்குவதற்கு வழி திறந்தது இந்தப் பிளவே.

இனி, ஓரூரைத் தேர்வதற்குரிய காரணங்களை ஒவ்வொன்றாக நோக்கலாம்.

முதலாவது ஒளி. வெளிப்புறத்தில் ஒளிப்பதிவாளர் பெரிதும் விரும்புவது காலையிலும் மாலையிலும் சாய்ந்து விழும் வெயில். உச்சிப் பொழுதின் வெயில் முகத்தில் கண்குழியையும் மூக்கின் நிழலையும் கறுப்பாக்கிவிடும். ஆகவே எந்தத் திசையில் மலை, எந்தத் திசையில் நீர், எந்நேரத்தில் எதன்மேல் வெயில் விழும் என்பதே இடம் பார்க்க வருவோரின் முதற் கணக்கு. கூமாப்பட்டியை எடுத்துக்கொண்டால், மேற்குத் தொடர்ச்சி மலை ஊருக்கு மேற்கே நிற்கிறது. காலைக் கதிர் மலைமுகத்தில் நேரே விழுந்து ஒவ்வொரு மடிப்பையும் காட்டும். பிற்பகலில் மலையே கதிரை மறைத்துக்கொள்ளும். அந்தி முன்னதாகவே வந்துவிடும். மலை கருஞ்சுவராக மாறும். மலையின் மேற்குப் புறத்து ஊர்களில் இது தலைகீழாக நிகழும். ஒரே மலைக்கு இரு முகம். இரண்டுக்கும் வெவ்வேறு பொழுது. நிலத்தையும் பொழுதையும் சேர்த்தே முதற்பொருள் என்றவர் கண்டதைத்தான் ஒளிப்பதிவாளரும் தம் தொழிலால் காண்கிறார்.

இரண்டாவது தொலைவு. ஒரு படப்பிடிப்புக் குழுவில் நூற்றுக்கு மேற்பட்டோர் இருப்பதுண்டு. அவர்கட்குத் தங்கும் விடுதி, மூவேளை உணவு, அன்றாடப் பேட்டா, ஜெனரேட்டர் வாடகை, வண்டிச் செலவு என ஒவ்வொரு நாளும் பணம் கரையும். விடுதியிலிருந்து படப்பிடிப்பு இடத்துக்கு இரண்டு மணிநேரப் பயணம் என்றால், அந்த இரண்டு மணிநேரமும் காலை வெயிலிலிருந்து கழிகிறது.

மூன்றாவது, ஓரிடத்துக்குள் பல இடங்கள் இருத்தல். பொள்ளாச்சி தமிழ்ப் படங்களில் அடிக்கடி இடம்பெறுவதற்கு இதுவே தலையாய காரணம் எனலாம். ஆனைமலை அடிவாரமும் ஆழியாற்று நீரும் தென்னந்தோப்பும் வாய்க்காலும் பழைய ஜமீன் வீடுகளும் சந்தையும் அங்கே ஒன்றுக்கொன்று அணித்தாக உள்ளன. இருப்பூர்தியும் வானூர்தியும் வந்து சேரும் கோயம்புத்தூர் அருகிலேயே இருக்கிறது. ஒரே விடுதியில் தங்கி நான்கு நிலங்களை எடுத்துவிடலாம்.

நான்காவது பழக்கம். படம் எடுத்த ஊரில் வீடு பேசித் தருவோர், கூட்டத்துக்கு ஆள் சேர்ப்போர், மாட்டுவண்டி கொண்டுவருவோர், சமையல் செய்வோர் எனப் புதிய தொழில்கள் முளைக்கின்றன. அடுத்து வரும் குழுவுக்கு அவ்வூரில் வேலை எளிதாகிறது. எளிதாவதால் அக்குழு அங்கேயே வருகிறது. கோபிசெட்டிப்பாளையம் 'மினி கோடம்பாக்கம்' என்று பெயர் பெற்றது இவ்வாறே. அப்பகுதியில் பிறந்த கே. பாக்யராஜ் 'முந்தானை முடிச்சு' (1983) முதலிய படங்களை அங்கே எடுத்தார். பச்சை வயலும் கொடிவேரி அணையும் அங்கிருந்தன. ஊரறிந்த ஒருவர் வழிகாட்டியாக இருந்ததும் அவற்றுக்கு இணையான காரணமாயிற்று.

ஐந்தாவது இசைவு. அச்சமும் சட்டமும் இதில் அடங்கும். மணிரத்னத்தின் 'ரோஜா' (1992) காஷ்மீரத்துக் கதை. அங்கு நிலவிய வன்முறையால் அக்காட்சிகள் இமாசலத்து மணாலி முதலிய இடங்களில் எடுக்கப்பட்டன. 'நாயகன்' (1987) படத்தின் தாராவி பெரும்பாலும் தோட்டா தரணியின் கைவண்ணத்தில் சென்னையில் எழுந்த அரங்கம். இப்பகுதியின் நிலையும் இக்காரணத்தோடு தொடர்புடையது. திருவில்லிபுத்தூர்க் காடு 1988இல் சாம்பல்நிற மலை அணிலுக்கான சரணாலயமாயிற்று. 2021இல் மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமாயிற்று. 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அதனுள் நுழையவும் படமெடுக்கவும் வனத்துறையின் இசைவு வேண்டும். செண்பகத்தோப்பும் தாணிப்பாறையும் பிளவக்கல்லின் மேற்காடும் எத்துணை அழகாயினும், ஜெனரேட்டர் வண்டிகளோடு எளிதில் நுழையத்தக்க இடங்கள் அல்ல. அணிலுக்கு அது நன்மையே.

இவ்வைந்து காரணங்களுள் ஒன்றேனும் அவ்வூரின் வாழ்க்கையைப் பற்றியதன்று என்பதை அவையோர் கருத வேண்டும். வெயில், பணம், விடுதி, பழக்கம், இசைவு என்பவையே ஊரைத் தேர்கின்றன. இதில் குற்றம் காண்பதற்கு எதுவும் இல்லை. உலகெங்கும் நிகழ்வது இதுவே. இத்தாலிய இயக்குநர் செர்ஜியோ லியோனே 1960களில் அமெரிக்கப் பாலைநிலக் கதைகளை ஸ்பெயின் நாட்டு அல்மேரியாவில் எடுத்தார். டெக்சாஸ் என்று உலகம் கண்டது அந்த வறண்ட மண்ணையே. ஆயினும் இச்செலவுக் கணக்கின் விளைவை ஏற்பவர் யார் என்று கேட்க வேண்டியிருக்கிறது.

பரதன் இயக்கிய 'தேவர் மகன்' (1992) இதற்கு ஒரு சான்று. அதன் பேச்சு தென்பாண்டி வழக்கு. அதன் பகையும் பங்காளிச் சண்டையும் தென்மாவட்டத்தனவாகவே கொள்ளப்பட்டன. படமோ பெரிதும் பொள்ளாச்சிப் பகுதியில் எடுக்கப்பட்டது. நடிப்பிலும் இசையிலும் அது பெற்ற சிறப்பை மறுப்பவர் இலர். எனினும் அங்கே நிகழ்ந்த பங்கீட்டை எண்ணிப்பார்க்கலாம். அழகு கொங்கு நாட்டிலிருந்து வந்தது. சினம் தெற்கிலிருந்து வந்தது. கொங்கு நாடு தன் பெயரை இழந்தது. தென்னாடு தன் முகத்தை இழந்தது. அதன்பின் வந்த பல படங்களில் தெற்கு என்றால் அரிவாள் என்றாகிவிட்டது. கண்மாய் நிறைந்தபோது மடைதிறப்புக்கு முறை வகுத்துக்கொள்ளும் ஊர், தென்னைக்கு நீர் பாய்ச்ச விடியலில் எழும் ஊர், நூற்பாலைச் சங்கொலிக்கு நாளைப் பகுத்துக்கொண்ட இராசபாளையம், தீப்பெட்டியும் வாணவெடியும் செய்யும் சிவகாசி, பால்கோவாக் கடைகள் வரிசையாக நிற்கும் திருவில்லிபுத்தூர் ஆகியவை திரையில் மிக அரிதாகவே தோன்றின. வேலை தேடித் தலைநகர் செல்லும் இப்பகுதி இளைஞன், தன் ஊர்ப்பெயரைச் சொன்ன மாத்திரத்தில் கேட்பவரின் முகத்தில் எழும் புன்னகையைச் சுமக்க நேர்கிறது. அப்புன்னகையைப் படைத்தவை அவன் ஊரை ஒருநாளும் மிதித்திராத படங்கள்.

மாற்று வழியில் சென்ற படங்களும் உண்டு. சலம் பென்னூர்க்கரின் 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' (1990) சிவகாசியின் தீப்பெட்டி, வாணவெடித் தொழில்களில் உழைத்த சிறுவரைக் காட்டிய ஆவணப்படம். அங்கே ஊரை மாற்ற வழியே இல்லை, ஊரே பொருள். விருதுநகரைச் சேர்ந்த வசந்தபாலனின் 'வெயில்' (2006) தன் தலைப்பிலேயே இம்மாவட்டத்தின் பெரும்பொழுதை ஏற்றுக்கொண்டது. லெனின் பாரதியின் 'மேற்குத் தொடர்ச்சி மலை' (2018) தேனி மாவட்ட மலைவழிகளில் எடுக்கப்பட்டது. ஏலமூட்டை சுமந்து மலையேறி இறங்கும் நிலமற்ற உழவனின் கதை அது. அதே மலைத்தொடர் பாடற்காட்சிகளில் பின்திரையாகப் பலமுறை வந்ததுண்டு. இப்படத்தில் அது பணியிடமாக வந்தது. காலால் ஏறியவனுக்கு மலை எத்துணை நீளம் என்பதைக் காட்ட, அந்த மலையே வேண்டியிருந்தது. பொள்ளாச்சி அதற்குப் பதிலாக நின்றிருக்க முடியாது. தொல்காப்பியரின் வரம்பு திரைப்படத்துக்கும் ஏதோ ஓரெல்லையில் பொருந்தும் என்பதற்கு இது சான்று. நிலம் அழகாக மட்டும் தேவைப்படும் வரை மயங்கும். உழைப்பாகத் தேவைப்படும்போது மயங்காது.

இவ்விடத்துக் கூமாப்பட்டியின் அண்மை வரலாறு கருதத்தக்கது. 2025ஆம் ஆண்டு சூன் திங்களில் இவ்வூர்ப் பெயர் தமிழகமெங்கும் ஒலித்தது. படக்குழு எதுவும் வரவில்லை. ஊர் இளைஞர் ஒருவர் கைப்பேசியில் எடுத்து இன்ஸ்டாகிராமில் வெளியிட்ட சிறு காணொளிகள் அதைச் செய்தன. மலையும் தோப்பும் நீரும் பின்னே தெரிய, ஊரின் பெயரைச் சொல்லி, ஊரின் பேச்சிலேயே அவர் அழைத்தார். கேட்டவர் இலட்சக்கணக்கானோர். பல்லாண்டுகளாகத் திரைப்படம் இப்பகுதிக்குச் செய்யாத ஒன்றை ஒரு கைப்பேசி செய்தது: கண்ணுக்குரிய ஊரும் காதுக்குரிய ஊரும் ஒன்றாயின. ஜெனரேட்டர் வேண்டாம், பேட்டா வேண்டாம், விடுதி வேண்டாம். தன் ஊரில் தான் நின்று பேசினால் போதும் என்றாயிற்று. முன்சொன்ன காரணங்கள் பலவும் அவர்முன் வலுவிழந்தன.

ஆயினும் கைப்பேசியும் தேர்ந்தெடுக்கவே செய்கிறது. அது நீரைத் தேர்ந்தது. மலையின் மழைமறைவுப் புறத்தில் கிடக்கும் மாவட்டத்தில் நீரே கண்ணைக் கவரும் என்பதில் வியப்பில்லை. வந்தவர் பலர் அந்த நீரைத் தேடினர். அணைப் பகுதியில் இறங்கிக் குளிக்க இசைவில்லை என்றறிந்து ஏமாந்து திரும்பினர். பிளவக்கல்லின் பெரியாறு, கோவிலாறு அணைகள் குளிப்பதற்குக் கட்டப்பட்டவை அல்ல. அவை வத்திராயிருப்பு வட்டாரத்துக் கண்மாய்களுக்கும் வயல்களுக்கும் நீர் தருபவை. வடகிழக்குப் பருவமழை பொய்த்தால் அந்நீர் அடிமட்டத்துக்கு இறங்கும். நீர் திறக்கும் நாளை ஊரே எண்ணிக் காத்திருக்கும். காணொளியில் நிலம் இருந்தது, பொழுது இல்லை. ஆண்டு முழுவதும் நிறைந்திருக்கும் நீர் என்னும் மயக்கத்தை அது உண்டாக்கிற்று. முதற்பொருளில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டதன் விளைவு அது.

பொழுதுக்காகக் காத்திருந்த கலைஞரும் உண்டு. சத்யஜித் ராய் 'பதேர் பாஞ்சாலி' (1955) படத்தை எடுத்தபோது, நாணற்பூப் பூத்த வெளியில் ஒருநாள் படம்பிடித்தார். அடுத்த வாரம் திரும்பியபோது பூக்களை மாடுகள் மேய்ந்துவிட்டிருந்தன. வேறிடம் தேடி அவர் ஓடவில்லை. அடுத்த பூப்பருவம் வரை காத்திருந்தார். அவர் சிற்றூராகக் காட்டிய போரால் கல்கத்தாவை அடுத்திருந்தது. கையில் பணமில்லாத குழு அன்றாடம் போய்வரத்தக்க தொலைவு அது. செலவுக் கணக்கு அவரிடமும் இருந்தது. ஆனால் கணக்கினால் தேர்ந்த இடத்துக்குப் பொழுதினால் நேர்மை செய்தார். ஊரைப் பொய்யாக்காமல் எடுத்தாள வழியுண்டு என்பதற்கு அக்காத்திருப்பே போதிய சான்று.

கவிஞர்களிடம் கேட்பதற்கு இங்கே ஒன்றுண்டு. திரைப்படக் குழு முப்பது நாள் தங்கும். கைப்பேசி முப்பது நொடி பேசும். ஓர் ஊரோடு ஆறு பருவமும் இருந்து பார்க்கும் வாய்ப்புக் கவிஞர்க்கே உண்டு. ஆயினும் இவ்வட்டத்தைப் போன்ற அமைப்புகளில் படிக்கப்படும் கவிதைகளைக் கேட்டால், அவற்றின் ஆறும் வயலும் எந்த ஊரினவாகவும் இருக்கலாம் என்ற எண்ணம் எழுவதுண்டு. பெயரற்ற ஆற்றங்கரையில் பெயரற்ற மரத்தடியில் நிற்கும் கவிதை, பொள்ளாச்சித் தோப்பில் எடுத்த தென்பாண்டிப் படத்தைப் போன்றதே. இயக்குநர்க்கேனும் விடுதி வாடகை என்னும் காரணம் உண்டு. கவிஞர்க்கு அந்தக் காரணமும் இல்லை. எழுதுவதற்கு ஆகும் செலவு எந்த ஊர்க்கும் ஒன்றே.

மடை, மறுகால், கண்மாய்க்கரை, களம் என்னும் சொற்கள் இவ்வட்டாரத்தில் இன்னும் வாயில் வழங்குகின்றன. தை மாதத்தில் அணை இருக்கும் நிலை ஒன்று, சித்திரையில் வேறொன்று. மலைமேல் முகில் இறங்கியதும் எந்த ஓடையில் முதலில் நீர் வரும் என்பதை ஆடு மேய்ப்பவர் அறிவார். அணைக்காவலர் அறிந்தது வேறு. தென்னை ஏறுபவர் மேலிருந்து காண்பது வேறு. இவற்றை எழுதி வைத்தால், நாளை இப்பகுதிக்கு ஒரு படக்குழு வரும்போது மலையும் நீரும் மட்டுமே இங்குள்ளன என்று எண்ணிவிட முடியாது. கதையைக் கையில் வைத்துக்கொண்டு ஊரைத் தேடும் வழக்கத்துக்கு மாறாக, ஊரைப் படித்துக் கதையைத் தேடும் இயக்குநர் ஒருவர்க்கு அவ்வெழுத்துப் பயன்படலாம்.

ஆண்டாள் வில்லிபுத்தூரை ஆய்ப்பாடியாக்கியபோது வில்லிபுத்தூரை மறைக்கவில்லை. பாசுரங்களின் இறுதியில் ஊரின் பெயரும் தந்தையின் பெயரும் நின்றன. பாவனைக்கும் உண்மைக்கும் ஒருங்கே கையெழுத்திட்டதுபோல அவை அமைந்தன. படத்தின் முடிவில் எழுத்துகள் ஓடும்போது, 'படப்பிடிப்புக்கு உதவிய ஊர்மக்களுக்கு நன்றி' என்றொரு வரி விரைந்து மறைவதுண்டு. எந்த ஊர் என்று அதனோடு சேர்த்துச் சொல்லும் வழக்கம் பெருகுமாயின், மயங்கிய நிலங்கள் தத்தம் பெயரைத் திரும்பப் பெறும். அதைக் கேட்டுப் பெறுவதற்கு ஊர்களுக்கு உரிமை உண்டு. அவ்வுரிமையை முதலில் எடுத்துச் சொல்ல வேண்டியவர்கள், பத்தாண்டுகளாக இப்பகுதியில் தமிழ் பேணிவரும் இத்தகைய வட்டத்தினரே.